திதி தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கு



வீட்டில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போட ஒருவர், சொந்தபந்தத்துக்குச் சொல்லியனுப்ப ஒருவர், கொட்டு மேளத்துக்கு ஒருவர் என்று லயமே திரண்டு வந்துவிடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய் நின்றுவிடுவோம். அழுவதற்கும் நாள் உண்டு, அழுகையை முடித்துக்கொள்வதற்கும் நாள் உண்டு. துக்கத்துக்கு வரம்பு கட்டி வைத்த பெரியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

ஆனால், போனவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாவிட்டால்? உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை என்றால் அந்த வீட்டார் எந்த நாளில் அழுவது?

இது கற்பனைக் கேள்வி அன்று. ஜொகூரில் குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் என்று எந்தப் பக்கத்துத் தோட்டக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், இரண்டு மூன்று தலைமுறை பின்னால் போனால் "சயாமுக்குப் போனவர்" என்ற ஒரு சொல் எதிர்ப்படக்கூடும்.

1942 ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாருவைக் கைவிட்டுப் பாலத்தைத் தகர்த்துக்கொண்டு சிங்கப்பூருக்குள் போனது. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 15-இல், சிங்கப்பூரும் வீழ்ந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரம் இருந்தது, வெட்டினால் கூலி இல்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாகி, கோணிச் சாக்கே துணியாகிய காலம் அது. அந்தப் பசியின் நடுவேதான் சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை போட ஆள் கேட்டார்கள் ஜப்பானியர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் தங்க இடமும் உண்டு என்றார்கள். நம்பிப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. போக மறுத்தவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டத்தைச் சேர்த்து, கதவை அடைத்து அள்ளிப்போன இடங்களும் உண்டு.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் சேர்ந்தன. அவ்வாண்டு மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போயிற்று. மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். இறந்தவர் தொகை கணக்குக்குக் கணக்கு வேறுபடுகிறது. ஆனால் பல்லாயிரம் என்பதில் மாறுபாடு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளும் 12,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். அவர்கள் பட்ட பாடும் பெரும்பாடுதான். என்றாலும் அவர்களோடு அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை ஒளித்து ஒளித்து எழுதி வைத்த அதிகாரிகள் இருந்தார்கள். இன்று தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால், 6,900-க்கும் மேற்பட்ட அவர்களுடைய கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுவதைப் பார்க்கலாம். நம்மவர்களுக்குப் பெயர் எழுத ஆள் இல்லை. ஆற்றோரத்திலும் மூங்கில் காட்டிலும் குழி வெட்டி மொத்தமாக மூடினார்கள். குறித்துவைத்த கை இருந்தவனுக்குக் கல் கிடைத்தது; இல்லாதவனை மண் மூடிக்கொண்டது.

ஊரில் இருந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். 1945-லும் 1946-லும் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒவ்வொருவர் வந்து இறங்கும்போதும் "என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா?" என்று ஓடினார்கள். குளுவாங் பக்கத்தில் நான் அறிந்த ஒரு பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. "செத்துட்டாருன்னு யாரு வந்து சொன்னா?" என்பார். ஊரார் அவரைக் குறை சொன்னதும் உண்டு. குறை சொன்னவர்களுக்கு அவருடைய துக்கம் புரியவில்லை. பொட்டை அழித்தால் கணவரைத் தன் கையால் கொன்றதாகிவிடும் என்று அந்த மனம் நினைத்தது.

தாய்மார்களே, இப்படிப்பட்ட துக்கத்துக்கும் நம் சமயத்தில் வழி உண்டு. இறந்த திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசையில் எள்ளும் நீரும் இறைக்கலாம். கத்தோலிக்க அன்பர்களுக்கு நவம்பர் 2-ஆம் நாள் எல்லா ஆன்மாக்களுக்கும் உரியது. நாள் தெரியாத சாவும் உலகில் உண்டு என்பதை அறிந்தே முன்னோர் இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் பழந்தமிழர் இன்னொன்றும் செய்தார்கள். வீழ்ந்தவனுக்குக் கல் தேடி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தினார்கள். அந்த முறையில், சயாமில் மாண்ட நம்மவர்களுக்காகக் காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரத்தில் 2023-இல் நடுகல் எழுப்பப்பட்டது. பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழித்து! தாமதம்தான். ஆனாலும் வந்துவிட்டது.

"அத்தனை பேர் செத்தபோது சாமி எங்கே போயிருந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கேட்டவரை நாத்திகர் என்று ஒதுக்காதீர்கள். இதற்குப் பதில் சொல்லும் ஞானம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பன் போன வீட்டுப் பிள்ளைகளை அடுத்த வீட்டார் தம் பிள்ளைகளோடு உட்காரவைத்துக் கிழங்கைப் பங்கிட்டார்கள். அப்படி வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் தாதியராகவும் இருக்கிறார்கள். சாமி எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் அந்தக் கிழங்குத் தட்டைத்தான் காட்டுவேன்.

நன்றி என்பதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர்கள் செத்ததற்கு நன்றி சொல்ல முடியாது. அது அவர்கள் விரும்பிக் கொடுத்த உயிர் அன்று, பிடுங்கப்பட்ட உயிர். வளர்த்த கைகளுக்குத்தான் நன்றி. அந்த நன்றியை வார்த்தையில் கொட்டிவிட்டால் போதாது, நடப்பில் காட்ட வேண்டும்.

எப்படி? இன்று ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். அவர்களில் பலரும் ஏஜெண்டு சொன்ன சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கி வந்தவர்கள். நம்மில் சிலர் இன்று மண்டோராக, குத்தகைக்காரராக, கடைக்காரராக இருக்கிறோம். சொன்ன கூலியைச் சொன்ன நாளில் கொடுக்கிறோமா? கடைக் கணக்கில் கூட்டி எழுதாமல் இருக்கிறோமா? மற்றவருடைய கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அறியாதவர்களுக்கு அதை எடுத்துச் சொல்கிறோமா? ஊருக்குச் சேதி போகாமல் ஒருவர் நோயில் கிடந்தால், அவர் வீட்டிலும் ஒருத்தி பொட்டோடோ, முக்காட்டோடோ வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். பொய் வாக்குக்குப் பலியானவர்களின் வழிவந்தவன் வாக்குத் தவறலாமா?

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதான பெரியவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், யாருடன் போனார், திரும்பினாரா என்று கேளுங்கள். பிள்ளையின் பள்ளி நோட்டாக இருந்தாலும் சரி, பேனாவால் எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். சாமி மேடையில் ஏற்றும் விளக்கின் முன் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவரும் இல்லை, பெயரும் தெரியவில்லை என்றால், "பெயர் தெரியாத எங்கள் தாத்தாவுக்கு" என்று சொன்னாலும் போதும்.

அந்த நோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மறு மாதம் சந்திப்போம்.