ஏரி உறைஞ்சிட்டுதா எண்டு யாரைக் கேட்பது?

"ஐஸில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறதோ? அது எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ?"

சாப்பாட்டு மேசையில் அம்மா இப்படிக் கேட்டபோது நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். என் ஒன்பது வயது மகள் விடவில்லை. "அம்மம்மா, எங்கட ஆக்கள் எண்டா ஆர்?" என்று கேட்டாள். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "குளிருக்குள்ள போய் வருத்தம் தேடாதேங்கோ எண்டுதான் சொன்னன்" என்று கதையை மாற்றினார்.

மகளின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஐஸ்.

நான் ஸ்காபரோவிலேயே பிறந்து வளர்ந்தவள். வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. மாரியில் அது உறைந்ததும் அதன் மேல் சின்னச் சின்னக் குடில்கள் முளைக்கும். இதெல்லாம் முப்பத்தைந்து வயது வரை எனக்குத் தெரியாது. வகுப்புப் பிள்ளைகள் சிலர் தகப்பனோடு சனிக்கிழமைகளில் ஏரிக்குப் போவார்கள். எங்களுக்குச் சனிக்கிழமை என்றால் தமிழ் வகுப்பு. இப்போது என் மகளின் சிநேகிதி போகிறாள், இவளும் கேட்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

2024 பெப்ரவரியில், குடும்ப தின விடுமுறைக்கு ஒரு குடிலை வாடகைக்குப் பதிந்தோம். அந்த வார இறுதியில் ஒன்ராறியோவில் கனடா வாசிகள் லைசென்ஸ் இல்லாமலே மீன் பிடிக்கலாம், அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். மற்ற நாட்களில் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். பிள்ளைகளுக்கும் 65 தாண்டிய அப்பா அம்மாவுக்கும் தேவையில்லை.

போக இரண்டு நாள் இருக்கும்போது குடில்காரர் தொலைபேசியில் அழைத்தார். ஐஸ் சரியில்லை, காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். பிள்ளைகள் அழுதார்கள். கணவர் போனைத் தூக்கிக் காட்டி, "இஞ்ச பார், ஆக்கள் நடுவில நிண்டு படம் போட்டிருக்கினம்" என்றார். எனக்கும் கோபம்தான். அந்த மனிதரைத் திரும்ப அழைத்துக் கேட்டேன். நேற்று நடந்த இடத்தில் இன்று வெடிப்பு விட்டிருக்கிறது என்றும், தன் பேரப்பிள்ளைகளை ஏற்றாத ஐஸில் உங்கள் பிள்ளைகளையும் ஏற்றமாட்டேன் என்றும் சொன்னார். அந்த மாரி முழுவதுமே சூடாகத்தான் போனது.

அடுத்த வருடம் அவரிடமே போனோம். அந்த ஒரு நாளில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஐஸைப் பார்வையால் நம்பக்கூடாது. தெளிவான, நீலம் கலந்த ஐஸ்தான் பலமானது. பால் போல வெள்ளையாக இருந்தால் அது ஸ்நோ சேர்ந்து உறைந்தது, பலம் பாதிதான். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, கால் வைக்கவே கூடாது. தனியாக நடக்க ஆகக் குறைந்தது 10 சென்றிமீற்றர் தெளிவான ஐஸ் வேண்டும் என்பார்கள். கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. ஸ்நோமொபைலுக்கு 25. பிள்ளைகளோடு போகிறவர்கள் பெரிய எண்ணையே பிடியுங்கள். ஒரு இடத்தில் ஒரு சாண் தடிப்பு இருந்தால் ஏரி முழுக்க அப்படி என்று அர்த்தமில்லை. ஆறு வந்து சேரும் இடம், நீரோட்டம் உள்ள இடம், வெடிப்பு ஓடும் இடம் எல்லாம் மெல்லியதாக இருக்கும்.

அவர் எங்கள் கண்முன்னாலேயே துளைத்து, அளவுகோலை உள்ளே விட்டு மகளிடம் வாசிக்கச் சொன்னார். 32 சென்றிமீற்றர். அவள் அதைக் கையில் பேனையால் எழுதிக்கொண்டாள்.

விழுந்தால் என்ன செய்வது என்பதையும் காரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பயப்படுத்தத் தேவையில்லை, நெருப்பு ஒத்திகை போலச் சொன்னால் போதும். மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் மூன்று எண்களால் இதை விளக்குவார்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்குவதுதான் ஒரே வேலை. அடுத்த பத்து நிமிடம் கை கால் சொல் கேட்கும், அதற்குள் வெளியே வரப் பார்க்கவேண்டும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். வந்த பக்கமாகவே திரும்பி, காலை உதைத்து, வயிற்றால் ஐஸில் ஏறி, எழும்பாமல் உருண்டு போகவேண்டும். கழுத்தில் மாட்டுகிற இரண்டு ஐஸ் ஊசிகள் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கொரு சோடி வாங்குங்கள்.

இனிச் சாமான். முதல் முறை ஒன்றும் வாங்காதீர்கள். குடில் வாடகைக்கு எடுத்தால் ஓட்டை, தூண்டில், ஹீற்றர் எல்லாம் பெரும்பாலும் அதோடு வரும். ஹீற்றர் எரியும்போது காற்று வர வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால் பிறகு வாங்கலாம்: கையால் சுற்றித் துளைக்கிற ஓகர், இரண்டு இரண்டரை அடித் தூண்டில், குந்தியிருக்க ஒரு வாளி, சப்பாத்துக்கு மாட்டும் முள்ளு. ஓட்டையில் மிதக்கும் ஐஸை அள்ள ஒரு கரண்டியும் வேண்டும், வடை பொரிக்கிற ஓட்டைக் கரண்டி மாதிரியே இருக்கும். இரைக்கு மின்னோ என்ற சின்ன மீன். அதை ஏரிக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மிஞ்சினதை ஏரிக்குள் கொட்டக்கூடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பேர்ச் நல்ல மீன். கூட்டமாக, அடித்தளத்துக்குக் கிட்டத் திரியும். இரையை அடி வரை இறக்கி, ஒரு அடி மேலே தூக்கி, மெல்ல ஆட்டவேண்டும். ஆறு வயது மகன் பத்து நிமிடத்தில் ஒன்றைத் தூக்கினான். கத்திய கத்தில் பக்கத்துக் குடில்காரர் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஐஸாப் போச்சு, மீன் ஏன் உறையேல்ல?" என்று அவன் கேட்டான். உங்கள் பிள்ளையும் கேட்கும், விடையோடு போங்கள். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் ஆகப் பாரமாக இருக்கும், அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கும். ஐஸ் பாரம் குறைவு, மேலே மிதந்து மூடி மாதிரி மூடிக்கொள்ளும். மூடிக்குக் கீழே மீன் உயிரோடு இருக்கும்.

மத்தியானம் குடில்காரர் வந்து எப்படிப் போகிறது என்று பார்த்தார். அப்பா பிளாஸ்கிலிருந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். வாளியைக் கவிழ்த்து இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து குடித்தார்கள். அவர் போனபிறகு அப்பா ஓட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊரில எங்கட வீட்டுக்கு மீன் கொண்டு வாறவர் படலைக்கு வெளியிலதான் நிப்பார். நாளைக்கு மழை வரும் எண்டு அவர் சொன்னா, வரும். அவரைக் கேட்டுத்தான் ஐயா புகையிலையைக் காயப் போடுறவர். ஆனா உள்ளுக்கு வந்து இருங்கோ எண்டு ஒருக்காலும் சொல்லேல்ல. தண்ணி குடுக்கவும் வேற பேணி."

இதை அப்பா எனக்கு முன்பு சொன்னதே இல்லை. மகள் தூண்டிலை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது, 404 இல், பின்சீற்றிலிருந்து அவளுடைய பழைய கேள்வி வந்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை. "ஊரில கடலுக்குப் போறவையைச் சில குடும்பங்கள் குறைவா நினைச்சவை. சாதி எண்டு ஒண்டைச் சொல்லி. எங்கட குடும்பமும் அப்படித்தான் நினைச்சது. அது பிழை" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா தண்ணியைப் பற்றி அவையளுக்குத்தானே எல்லாம் தெரியும்?" என்றாள். தகப்பன் முன்சீற்றில் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

நாங்கள் இங்கே பிறந்தவர்கள், சாதியெல்லாம் அப்பா அம்மாவோடு போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போகவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னச் சொல்லாக, "எங்கட ஆக்கள்" என்று, பேரப்பிள்ளைகளின் காதுவரை வந்துவிட்டது. சிரித்துச் சமாளித்தால் அது அப்படியே அடுத்த தலைமுறைக்கும் போகும்.

பதினொரு பேர்ச் கொண்டுவந்தோம். அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்து, ஒன்றைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார். "நல்ல மீன்" என்றார். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டிப் பொரித்தார். அவர் இன்னும் ஏரிக்கு வரவில்லை. அந்தக் கேள்வியையும் திரும்பக் கேட்கவில்லை.

சாப்பிட முதல் ஒன்று. ஒன்ராறியோ அரசு எந்த ஏரியில் எந்த மீனை, எந்த அளவில், மாதத்தில் எத்தனை முறை சாப்பிடலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. பெரிய மீனில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும் என்பதால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. எத்தனை மீன் எடுக்கலாம் என்பதும் ஏரிக்கு ஏரி, மீனுக்கு மீன் மாறும். போகிற வருடத்து விதியைப் பாருங்கள். நோர்வேயிலோ சுவீடனிலோ மினசோட்டாவிலோ இருப்பவர்களுக்கு விதிகள் வேறாக இருக்கும். ஐஸ் எல்லா இடமும் ஒன்றுதான்.

ஏரி உறைஞ்சிட்டுதா எண்டு போனில் இருக்கும் படத்தைக் கேட்காதீர்கள். தினமும் அதன் மேல் நடக்கிற ஒரு ஆளைக் கேளுங்கள். அவர் இன்றைக்கு வேண்டாம் என்றால், பிள்ளைகள் அழுதாலும் திரும்பி வாருங்கள். அவர் வரச் சொல்லுகிற நாளில், பிளாஸ்கில் ஒரு கோப்பை தேத்தண்ணி கூட ஊற்றிக்கொண்டு போங்கள்.