சத்தம் கூடினால் போதாது, பேச்சு தெளியணும்!

சீசன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவிக்கரையில் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள். கத்தினாலும் பாதிதான் கேட்கும். காது மந்தமான பெரியவர்களுக்கு, டி.வி.யும் மிக்ஸியும் ஓடுகிற உங்கள் வீடே ஓர் அருவிக்கரைதான்!

"அப்பாவுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தோம். 'ஒரே இரைச்சலா இருக்கு'ன்னு கழற்றிப் போட்டுட்டாங்க. காதுக்கு ஏதாவது எண்ணெய் குடுங்க வைத்தியரய்யா!" தென்காசியில் என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன். வயதானதால் உட்காதின் உணர்செல்கள் அழிந்து வரும் மந்தம் எண்ணெயால் தீராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் ஆபத்தும்கூட.

பெரியவர் சொல்வதும் பொய்யில்லை. ஒலியைக் கூட்டினால் மட்டும் போதுமா? பேச்சோடு இரைச்சலும் அல்லவா கூடும்! இரண்டையும் பிரிக்க வேண்டும். அருவி இரைச்சல் எல்லா சுருதிகளிலும் பரவிக் கிடக்கும். மனிதக் குரலோ ஒரு கணத்தில் சில சுருதிகளில்தான் ஓங்கி நிற்கும். முறத்தில் தவிட்டைப் புடைத்துத் தள்ளி அரிசியை வைத்துக்கொள்கிறோமே, அதுபோல ஓங்கி நிற்பதை மட்டும் வைத்துக்கொண்டால் பேச்சு தெளியும். இப்படிச் சிறியதைத் தள்ளுவது ஏன் பலிக்கிறது என்பதை 1994-ல் அமெரிக்காவின் டோனோஹோ, ஜான்ஸ்டோன் இருவரும் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட்டிலும் இதே தத்துவம்தான். ஒரு முறையில், ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, அந்தந்தக் கணத்தில் வலுவாக இருக்கும் எட்டு பட்டைகளைப் போல மட்டும் நரம்புக்கு அனுப்புகிறார்கள். குழந்தைக்குப் பேச்சு புரிகிறது! தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இந்தச் சிகிச்சை உண்டு.

ஆனால் எந்த மெஷினுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. சுற்றி நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால், அதுவும் பேச்சுதானே! எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று மெஷின் திணறும். அந்த வேலையை வீடுதான் செய்ய வேண்டும். டி.வி.யை அணையுங்கள். எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள்.

கழற்றிப் போட்ட மெஷினைத் தேடி எடுங்கள். காது பரிசோதகரிடம் போய், அப்பாவின் காதுக்கு ஏற்றபடி சரிசெய்து வாங்குங்கள். பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை, "உங்களுக்குச் சொன்னாலும் புரியாது" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அது அவர் காதில் தெளிவாகவே விழுந்துவிடும்!