தோலோடு வேகட்டும்

சர்க்கரைவள்ளிக்கிழங்கின் தோலைச் சீவிவிட்டு வேகவைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பொங்கலையொட்டிச் சந்தைக்கு வரும் செந்தோல் கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, முழுதாக இட்லிப் பானையில் ஆவியில் வைத்தால் போதும். தோல் இருந்தால் தண்ணீர் உள்ளே அதிகம் புகாது. இனிப்பும் வைட்டமின் சியும் அவ்வளவாகக் கரைந்து போகாது. சூடு மெல்ல ஏறும்போது கிழங்கிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. அதனால்தான் தணலில் சுட்ட கிழங்குக்கு அத்தனை தித்திப்பு. வெந்தபின் உரிப்பதும் உரிக்காததும் அவரவர் விருப்பம். நான் தோலோடுதான் தின்பேன். நார்ச்சத்து அதில் இருக்கிறது, அந்தச் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனினும் அதில்தான். வறுவலுக்கு வட்டமாக நறுக்கும்போதுகூடத் தோல் இருந்தால் துண்டு குழையாமல் நிற்கும். பாயசத்துக்கும் போளிப் பூரணத்துக்கும் தோல் ஆகாது, சரி. அங்கேயும் வேகவைத்த பிறகு உரித்தால் கையோடு வந்துவிடும், சதையும் வீணாகாது. வண்டு துளைத்தோ பூஞ்சை பிடித்தோ கறுத்துப்போன கிழங்கை மட்டும் தோல் சீவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கசப்பு சதைக்குள்ளும் இறங்கியிருக்கும். முழுக் கிழங்கையும் எறிந்துவிடுங்கள்.