மலையை வெட்டினால் பரமத்தி வேலூருக்கு என்ன என்று கேட்பவருக்கு

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை மறுபடியும் கையில் எடுக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. 2018இல் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து அதன் ஆதரவாளர்கள் சொல்லிவந்ததைத்தான் அவரும் தொகுத்திருக்கிறார். அதில் ஒரு கேள்வியை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியிருக்கிறார். நிலம் பறிபோகும் விவசாயி எதிர்த்தால் அதில் நியாயம் உண்டாம். சாலை எட்டிக்கூடப் பார்க்காத பரமத்தி வேலூரில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன இருக்கிறது என்கிறார்.

இருக்கிறது. அந்தச் சாலை கடக்கவிருந்த மஞ்சவாடிக் கணவாய் அவருக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி. எங்களுக்கு அது திருமணிமுத்தாறு பிறக்கும் பக்கம். சேர்வராயன் மலையில் இறங்கும் அந்த ஆறு சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு, வழியிலுள்ள ஏரிகளுக்குக் கொஞ்சம் கொடுத்து, நன்செய் இடையாற்றில் காவிரியோடு கலக்கிறது. நன்செய் இடையாறு பரமத்தி வேலூர் வட்டத்தில் இருக்கிறது. எட்டுவழிச் சாலைக்கு எடுக்கக் குறித்த காப்புக்காடுகளின் பட்டியலில் மஞ்சவாடியும் உண்டு, ஜருகுமலையும் உண்டு. ஆற்றின் தலையில் கைவைக்கப் போகிறவர், கால்மாட்டில் இருப்பவனைப் பார்த்து உனக்கு என்ன என்று கேட்பது அறியாமையால் என்றால் மன்னிக்கலாம். நாற்பது வருடம் சாலை போட்டவருக்கு நீர் எங்கிருந்து எங்கே போகும் என்று தெரியாதா?

இனி அவருடைய கணக்குக்கு வருகிறேன். 277 கிலோமீட்டர் சாலையில் காப்புக்காட்டுக்குள் போவது சுமார் 10 கிலோமீட்டர்தானாம், நான்கு சதவீதம்கூட இல்லையாம். கட்டுரை முழுவதும் இந்தச் சதவீதத்தின் மேல்தான் நிற்கிறது. சமவெளியில் சாலை நிலத்தின் மேல் கிடக்கும். மலையில் சாலையை நிலத்துக்குள் வெட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சதவீதம் எடுப்பது பொறியியல் ஆகாது.

அவர் போடாத கணக்கை நான் போடுகிறேன், பள்ளிக்கூடத்துக் கணக்குதான். முப்பது பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவில் 35 மீட்டர் அகலத்துக்குத் தளம் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். எட்டு வழி, நடுத்திட்டு, இருபுற ஓரம் எல்லாம் சேர்ந்தால் அதற்குக் குறையாது. உள்பக்கம் வெட்டுச்சுவர் 20 மீட்டர் உயரம் நிற்கும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 350 கனமீட்டர் மண்ணும் பாறையும் வெளியே வரும். ஒரு கிலோமீட்டருக்கு மூன்றரை லட்சம் கனமீட்டர். டிப்பர் ஒன்று பத்துக் கனமீட்டர் ஏற்றும் என்றால் 35,000 நடை. அதில் பாதியைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தினாலும் மீதிப் பாதியை எங்கே கொட்டுவீர்கள்? ஒரே ஒரு கிலோமீட்டருக்கான கேள்வி இது. கட்டுரையில் இதற்கு ஒரு வரி பதில் இல்லை.

எங்கே கொட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மலைச்சாலை வேலை நடக்கும் இடங்களில் வெட்டுமண்ணைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதற்கு டீசல் செலவாகும், சரிவில் தள்ளிவிடச் செலவே இல்லை. ஒப்பந்தக்காரர் இரண்டாவதைச் செய்வார். அடுத்த மழையில் அந்த மண் ஓடைக்கு வரும், ஓடையிலிருந்து ஆற்றுக்கு வரும், ஆற்றிலிருந்து ஏரிக்கும் தடுப்பணைக்கும் வரும். மேட்டூர் அணையிலும் வைகை அணையிலும் வண்டல் நிறைந்து கொள்ளளவு குறைந்த கதையை ஊரெல்லாம் பேசுகிறோம். அந்த வண்டல் வானத்திலிருந்து விழவில்லை.

மண்ணைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். சேர்வராயனின் அடிப்பாறை சார்னோக்கைட் என்னும் கெட்டிப்பாறை. அதன் மேல் மக்கிப்போன பாறையும் மண்ணும் போர்வையாகப் படிந்திருக்கின்றன. மழைநீர் அந்தப் போர்வைக்குள் இறங்கி, பாறையின் முதுகைத் தொட்டு மெல்லச் சரிந்து, கீழே சுனையாகவும் ஊற்றாகவும் வெளிவருகிறது. மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். இருபது மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் அந்த ஓட்டத்தை நடுவில் அறுக்கிறீர்கள். சுனைக்குப் போக வேண்டியது வெட்டுச்சுவரில் கசிந்து சாலையோர வடிகாலில் விழும். பத்து இடத்தில் சிறுகச் சிறுக இறங்கிய நீரை அந்த வடிகால் ஒன்றாகத் திரட்டி ஒரே சிறுபாலத்தின் வழியாகக் கீழே துப்பும். மேலே சுனை வற்றும், கீழே புதிதாக ஒரு பள்ளம் அறுக்கும். இவை காட்டு எல்லைக்கல்லோடு நின்றுவிடாது. ஆகவே மலைச்சாலையின் பாதிப்பை அளக்க வேண்டிய அளவுகோல் அது எத்தனை ஓடைகளைக் குறுக்கே வெட்டுகிறது, அந்த ஓடைகள் யாருடைய கிணற்றுக்கும் யாருடைய ஏரிக்கும் போகின்றன என்பதுதான். நான்கு சதவீதக் கணக்கில் இதற்கு இடமே கிடையாது.

எங்கள் ஊருக்கு நிலத்தின் வாட்டம் பார்க்கத் தெரியும். ஜேடர்பாளையத்தில் காவிரியை மறித்து ராஜ வாய்க்காலை வெட்டிய அல்லாள இளைய நாயக்கரின் பெயரை இன்றும் சொல்கிறோம். இங்கே கொடிக்காலும் வாழையும் நிற்பது அந்த வாட்டத்தை மதித்து வெட்டியதால். மண் எடுக்கும் முன் தண்ணீர் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறார்கள். பொறியாளர் கேலி செய்யும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அடிப்படையில் கேட்பதும் இதைத்தான்.

கொல்லிமலையைத் துணைக்கு அழைக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு அந்தச் சாலை போடப்பட்டபோது யார் ஆய்வு செய்தார்கள், இன்றும் நிற்கவில்லையா என்கிறார். இந்த வாதம் அவருக்கே எதிரானது. அந்த எழுபது வளைவும் ஏன் வந்தன? ஏற முடியாத சரிவை மலை சொன்னபடி சுற்றிச் சுற்றி ஏறியதால் வந்தன. ஒடுங்கிய சாலை, சிறிய வெட்டு, குறைந்த மண். அதிலேயே கனமழை வந்தால் பாறை உருண்டு போக்குவரத்து நிற்கிறது. ஏற்காட்டுச் சாலையும் அப்படியே. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அது சரிந்து மூடப்பட்டது. அதிவேகச் சாலைக்கு மலை சொல்கிறபடி வளைய உரிமை கிடையாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டுமானால் வளைவின் ஆரம் பல நூறு மீட்டர் இருக்க வேண்டும். எனவே குறுக்கே நிற்கும் மேட்டை அறுத்தாக வேண்டும், பள்ளத்தை நிரப்பியாக வேண்டும். கொல்லிமலைச் சாலையைக் காட்டி எட்டுவழிச் சாலைக்கு நற்சான்று கொடுப்பவர் இரண்டையும் சாலை என்ற ஒரே பெயரால் அழைக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து, தாக்க மதிப்பீடு என்பது வேலையைத் தாமதப்படுத்தும் காகிதம் என்கிறார். அதைக் காகிதமாக்கியது யார் என்று அவர் சொல்லவில்லை. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, ஆய்வை நடத்தும் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிறவரே. மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தின் தரவு போதும் என்பது நடைமுறையில் ஊறிப்போன வழக்கம். காற்றில் தூசியை அளக்க அது சரியாக இருக்கலாம். மலைச்சரிவைப் பற்றித் தெரிந்துகொள்ள மழை பெய்யாத மாதத்தில் போய் என்ன பார்ப்பது? அனுமதி கிடைத்த பிறகு நிபந்தனைகள் நிறைவேறின என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தருவதும் அதே திட்டக்காரர்தான். இந்த ஓட்டைகளை அடைக்கச் சொல்லி எழுதியிருந்தால் அவரோடு நானும் சேர்ந்து எழுதியிருப்பேன். ஓட்டை இருப்பதால் பாத்திரமே வேண்டாம் என்கிறார் அவர்.

நீதிமன்றக் கதையையும் பாதியாகச் சொல்கிறார். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்துசெய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, கையகப்படுத்தும் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கத் தேவையில்லை என்றது. இதை வைத்துக்கொண்டு ஆய்வு தேவையில்லை என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதுபோல எழுதுகிறார். வேலை தொடங்கும் முன் அனுமதி வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு மாற்றவே இல்லை. தீர்ப்புக்குத் தலைவணங்கிக்கொண்டே ஒரு நடைமுறை உண்மையைச் சொல்லலாம். நிலத்தைக் கோடு போட்டு அளந்து கல் நட்ட பிறகு ஆய்வு செய்தால், வேறு வழித்தடம் உண்டா என்ற கேள்வி செத்துவிடும். மலைச்சாலையில் முதன்மையான முடிவு எந்தச் சரிவில் போவது என்பது. அந்த முடிவுக்குப் பிறகு வரும் ஆய்வால் தடுப்புச்சுவரின் உயரத்தைத்தான் மாற்ற முடியும்.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நாற்கரச் சாலையில் புறவழிப் பகுதிகள் மட்டும் இருவழியாகவே விடப்பட்டு, விபத்துக்குப் பேர்போன இடங்களாயின. அவற்றை அகலப்படுத்த மலை எதையும் வெட்ட வேண்டாம். பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டத்தின் நியாயத்தைப் பேசுகிறவர் இதை ஒரு சொல்லாலும் தொடவில்லை.

மரங்களைப் பற்றிய பத்தியில் நிற்க எனக்கு மனமில்லை. ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம் என்கிறார். மஞ்சவாடிச் சரிவில் வேர் பிடித்து மண்ணைத் தாங்கும் மரத்துக்கு ஈடாகச் சாலையோரத்தில் பத்துக் கன்று நட்டால் சரிவை எது தாங்கும்?

இமயமலையைப் பாருங்கள், அங்கே ராணுவத்துக்கே சாலை போடுகிறார்கள் என்று முடிக்கிறார். பார்ப்போம். சுமார் 900 கிலோமீட்டர் சார்தாம் சாலையை 53 துண்டுகளாக உடைத்தார்கள். நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த விரிவாக்கத்துக்குத் தாக்க மதிப்பீடு வேண்டாம் என்ற விதி அதற்கு உதவியது. உச்ச நீதிமன்றம் அமைத்த உயர்நிலைக் குழுவின் தலைவர் ரவி சோப்ரா, அந்த மலைக்கு ஐந்தரை மீட்டர் அகலத் தார்ப்பரப்பு போதும் என்றார். நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அதை ஏற்றது. 2021 டிசம்பர் 14 அன்று பாதுகாப்புத் தேவையைக் காரணமாகக் கொண்டு பத்து மீட்டருக்கு அனுமதித்தது. சில வாரங்களில் சோப்ரா பொறுப்பிலிருந்து விலகினார். அதே திட்டத்தின் சில்க்யாரா சுரங்கத்தில்தான் 2023 நவம்பரில் 41 தொழிலாளர்கள் பதினேழு நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். இதை முன்மாதிரி என்று காட்ட ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது? எல்லையில் ராணுவத் தேவை என்ற வாதமாவது இருந்தது. சேலத்திலிருந்து சென்னைக்கு அதுவும் இல்லை.

மலைச்சாலையே கூடாது என்பது என் கட்சி அல்ல. கொல்லிமலையில் பிரசவ வலி எடுத்த பெண்ணை இறக்கிக் கொண்டுவரச் சாலை வேண்டும், அது நல்ல சாலையாகவும் இருக்க வேண்டும். நல்ல சாலை என்றால் வெட்டுமண் கொட்டும் இடம் வேலை தொடங்கும் முன்பே குறிக்கப்பட்டு, அதன் அடியில் சுவர் கட்டப்பட்டிருக்கும். நெட்டுக்குத்தாக வெட்டாமல் படிபடியாக வெட்டி, தடுப்புச்சுவரில் நீர் கசிய ஓட்டை விட்டு, சரிவில் வெட்டிவேரும் உள்ளூர்ப் புல்லும் பிடிக்கவிட்டிருப்பார்கள். சிறுபாலத்தின் அகலத்தை ஆண்டுச் சராசரி மழையால் தீர்மானிக்காமல், ஒரு மணி நேரத்தில் கொட்டக்கூடிய மழையால் தீர்மானித்திருப்பார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மண்வேலை நிற்கும். இவை எல்லாம் அவருடைய துறையின் கையேடுகளில் இருப்பவை. எட்டுவழிச் சாலையை வரவேற்று இத்தனை பக்கம் எழுதியவர் இவற்றில் ஒன்றையாவது நிபந்தனையாக வைத்தாரா?

கடைசியாக, லாரித் தொழிலில் வாழும் நாமக்கல் மாவட்டத்துக்காரன் சாலையை எதிர்ப்பது நன்றிகெட்ட செயல் என்று எழுதியிருக்கிறார். 2024 ஜூலை 16 அன்று கர்நாடகத்தின் அங்கோலா அருகே ஷிரூரில், அகலப்படுத்திய தேசிய நெடுஞ்சாலை 66இன் மேல் மலை சரிந்தது. சாலையோரத் தேநீர்க் கடையும் அங்கே நிறுத்தியிருந்த வண்டிகளும் கங்காவளி ஆற்றுக்குள் போயின. கேரள ஓட்டுநர் ஒருவரின் லாரியை ஆற்றிலிருந்து எடுக்கச் செப்டம்பர் வரை ஆனது. இறந்தவர்களில் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களும் உண்டு. சாலைக்காக அடிவாரத்தை வெட்டிய மலை அது. டேங்கர் லாரி ஓட்டும் எங்கள் பிள்ளைகள் நாளும் அப்படிப்பட்ட வெட்டுச்சரிவுகளுக்குக் கீழேதான் வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கிறார்கள். சரிவு நிற்குமா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான். அவர்களின் பெயரைச் சொல்லி அந்த ஆய்வே வேண்டாம் என்று எழுதியதை அவர் திரும்பப் பெற வேண்டும்.