தாளாளரின் விருப்பம் சட்டமாகாது

தனியார் பள்ளி யாரை வேலைக்கு எடுக்கிறது என்பது தாளாளரின் சொந்த விஷயம், சமவாய்ப்பு எல்லாம் அரசுப் பள்ளிக்குத்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. வேலை மறுக்கப்பட்டவரே அதை நம்பிவிடுவதுதான் கொடுமை. ஒதுக்கீட்டையும் சமவாய்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் பிறந்த நம்பிக்கை இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 34ஆம் பிரிவு சொல்லும் 4 சதவீத ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு உரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 21ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவித்து, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிய வேண்டும் என்கிறது. நிறுவனம் என்பதற்குள் அறக்கட்டளையும் சங்கமும் அடங்கும் என்று அதே சட்டம் விளக்குகிறது. நம் ஊர்த் தனியார் பள்ளிகளை நடத்துபவை பெரும்பாலும் இவைதானே? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தப் பணியிடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருந்தும், தேர்வு எப்படி நடக்கும், என்ன கருவிகளும் வசதிகளும் கிடைக்கும், தொடர்பு அலுவலர் யார் என்பதையெல்லாம் அந்தக் கொள்கையில் எழுதியாக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

சட்டம் படித்தவர்கள் இங்கே 20ஆம் பிரிவை எடுத்து நீட்டுவார்கள். வேலையில் பாகுபாடு கூடாது என்ற அந்தப் பிரிவு அரசு நிறுவனத்தை மட்டுமே குறிப்பிடுகிறது. உண்மைதான், அது சட்டத்தில் உள்ள ஓட்டை. ஆனால் அடுத்த பிரிவே எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019இலோ இந்த ஓட்டையும் கிடையாது. எந்த நிறுவனமும் திருநரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று அதன் 9ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. குஜராத்தில் ஒரு தனியார் பள்ளி, ஒருவருக்குப் பணிநியமனம் தந்த பிறகு, அவர் திருநங்கை என்று தெரிந்ததும் கதவை அடைத்தது. 2025 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தப் பள்ளியோடு நிற்காமல், சட்டம் வந்த பிறகும் சும்மா இருந்த அரசுகளையும் இழப்பீடு தரச் சொன்னது. சமவாய்ப்புக் கொள்கை வகுக்க ஒரு குழுவையும் அமைத்தது.

பெற்றோர் ஏற்க மாட்டார்கள் என்பது அடுத்த சாக்கு. பெற்றோரின் வெறுப்பைக் காட்டி வேலை மறுக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. பார்வையற்றவரால் வகுப்பைக் கட்டுப்படுத்த முடியாது என்பவர்கள், தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திவருவதை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். செலவு தாங்காது என்றால், அளவுக்கு மீறிய சுமை இல்லாத வசதிகளைத்தான் சட்டம் கேட்கிறது. கொள்கை வெறும் காகிதம்தானே என்ற கேள்வியில் மட்டும் நியாயம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பல பள்ளிகளில் ஒரு குழந்தையின் பருவக் கட்டணத்துக்குக்கூட அது காணாது. ஆனாலும் பொருத்தமான பணியிடங்களை எழுதிப் பதிந்த பள்ளி, அதே பணியிடத்துக்கு வந்தவரை நேர்காணலில் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பினால், அதற்கு எதிரான சான்று அதன் கையெழுத்திலேயே இருக்கும். அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் கேட்கிற பள்ளிக் கல்வித் துறை, பதிவுசெய்த இந்தக் கொள்கையின் நகலையும் கேட்கட்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.