பன்றிக்கு எதற்குச் சோதனைக் குழாய்?

பன்றிக்குக் குட்டி போடச் சொல்லித் தர வேண்டுமா? ஒரே ஈற்றில் பத்துக் குட்டி போடும் பிராணி அது. சினைக் காலம் 114 நாள்தான். அதற்குப் போய்ச் சோதனைக் குழாயில் கரு வளர்ப்பதா? இது பணத்துக்குப் பிடித்த கேடு அல்லவா?

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால், பதிலும் இருக்கிறது.

உயிர் கொடுக்கும் பன்றி

அமெரிக்காவில் மாற்று உறுப்புக்காகக் காத்திருப்போர் 1 லட்சத்துக்கும் மேல். காத்திருந்தே கண்ணை மூடுகிறவர்கள் பலர்.

பன்றியின் இதயமும் சிறுநீரகமும் அளவில் மனிதனுடையதை ஒத்தவை. 2022 ஜனவரியில், பால்டிமோர் நகரில், ஒரு நோயாளிக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தார்.

அது சாதாரணப் பன்றி அல்ல. மனித உடல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அதன் மரபணுக்களில் 10 மாறுதல்கள் செய்திருந்தார்கள்.

இந்த வேலையைத் தொழுவத்தில் செய்ய முடியாது. ஆராய்ச்சிசாலையில், சினை முட்டையில் தொடங்க வேண்டும். அங்கேதான் சங்கடம்!

கூட்டம் கெடுத்த காரியம்

முட்டை இறைச்சிக் கூடத்திலிருந்து வருகிறது. எறிய வேண்டிய சினைப்பையை வாங்கி வந்து, ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். அவை பக்குவமாக ஏறக்குறைய 44 மணி நேரம் ஆகும். அதுவரை பன்றியின் உடல் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு விந்தணுக்களைச் சேர்க்கிறார்கள்.

தாயின் வயிற்றில், முட்டையை நெருங்குபவை சில விந்தணுக்களே. மற்றவற்றைக் கருக்குழாய் வழியிலேயே தடுத்துவிடுகிறது. ஒன்று நுழைந்ததும் முட்டை கதவை அடைத்துக்கொள்கிறது.

கண்ணாடித் தட்டில் அந்தக் காவல் இல்லை. ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கின்றன. கதவு அடைபடும் முன் இரண்டு, மூன்று நுழைந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் உருப்படுவதில்லை.

விந்தணுவைக் குறைத்தால்? பல முட்டைகளில் ஒன்றுகூட நுழைவதில்லை. கூட்டினால் கேடு, குறைத்தால் நஷ்டம்!

சோதனைக் குழாய்ப் பன்றிக் குட்டிகள் 1986-லேயே பிறந்துவிட்டன. ஆனாலும் இந்தத் தொல்லை இன்னும் முழுதும் தீரவில்லை.

மூன்று புரதங்கள்

2017-ல் மிசௌரிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வேறு பக்கம் பார்த்தார்கள். விந்தணுவை விட்டுவிட்டு, முட்டையைக் கவனித்தார்கள். முட்டை பக்குவமாகும் திரவத்தில் மூன்று புரதங்களைச் சேர்த்தார்கள். மூன்றும் உடலில் தாமாகவே சுரப்பவை.

பலன்? முட்டைகள் நன்றாகப் பக்குவம் அடைந்தன. மரபணு மாற்றிய குட்டிகளை உண்டாக்கும் திறன் 4 மடங்கு ஆயிற்று!

சோதனைக் குழாய் முறையானாலும் சரி, நகல் எடுக்கும் முறையானாலும் சரி, பக்குவமான முட்டை இல்லாமல் எதுவும் நடக்காது.

கத்தி படுவது குறையும்

இதில் ஜீவகாருண்யமும் இருக்கிறது. ஆராய்ச்சிசாலையில் வளர்ந்த கருவை, பெரும்பாலும் வயிற்றைக் கீறித்தான் வளர்ப்புத் தாய்ப் பன்றிக்குள் வைக்கிறார்கள். கரு பலவீனமானால் பல பன்றிகளைக் கீற வேண்டும். கரு பலமாக இருந்தால், சில பன்றிகளே போதும்.

மனிதனுக்காகப் பன்றியை வருத்தலாமா? அது பெரிய கேள்வி. விடை எதுவானாலும், வீணாக வருத்தக் கூடாது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

இதயம் மாற்றிய டாக்டரின் படம் பத்திரிகையில் வருகிறது. இரவு பகலாக முட்டைக்குப் பக்குவம் பார்க்கிறவரை ஊர் அறியாது. பணமும் பாராட்டும் அவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

விதை பழுதானால் விளைச்சல் ஏது?