குற்றம் குசினியில் இல்லை



ஜேர்மனியில் வீடெடுத்து ஓராண்டு முடிந்ததும் நம்மவர்களில் பலருக்கு ஒரு கடிதம் வருகிறது. மின்சாரத்துக்கு இன்னும் சில நூறு யூரோ கட்டவேண்டும் என்று அதில் இருக்கும். 'மாதாமாதம் கட்டினோமே, பிறகென்ன?' என்று திகைத்துப் போகிறோம்.

நாம் மாதந்தோறும் கட்டுவது 'அப்ஷ்லாக்' எனும் முற்பணம். அது வெறும் மதிப்பீடுதான். ஆண்டு முடிவில் மீற்றரைப் பார்த்துக் கணக்கு முடிக்கும்போது, கூடப் பாவித்திருந்தால் மிகுதியைக் கேட்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அப்படியொரு கடிதம் வந்தது. பழி முதலில் குசினியின் மேல் விழுந்தது. இரண்டு நேரமும் சோறு சமைப்பதுதான் காரணம் என்று வாக்குவாதம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. பிறகு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, நிலக்கீழ் அறையிலுள்ள மீற்றரை ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதினோம். எல்லோரும் குளிப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

ஊரில் நாம் யூனிற் என்றதுதான் இங்கே கிலோவாற் மணி. 2024 இல் அதன் சராசரி விலை ஏறக்குறைய 40 சதம். 500 வாற் றைஸ் குக்கர் அரை மணி நேரம் எரிந்தால் கால் யூனிற், அதாவது 10 சதம். ஆனால் குளியலறைச் சுவரில் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் பெட்டி 21 கிலோவாற். அது முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடினால் மூன்றரை யூனிற், 1 யூரோ 40 சதம். நான்கு பேர் குளித்தால் ஒரு நாளைக்கே 5 யூரோ 60 சதம்! சூட்டைக் குறைத்து, ஐந்து நிமிடத்தில் குளித்து முடித்தால் செலவு பாதிக்கும் கீழே போகும்.

நீங்களும் அளந்து பாருங்கள். முதலில் மீற்றரின் இலக்கமும் கடிதத்திலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பின்னர் வீட்டிலுள்ள பியூஸ்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அப்போதும் மீற்றர் ஓடினால், வேறு யாருடைய மின்சாரமோ உங்கள் கணக்கில் ஏறக்கூடும். வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே அளக்கும் கருவியைப் பாவனையாளர் ஆலோசனை நிலையங்களிலும் சில நூலகங்களிலும் இரவல் வாங்கலாம்.

யொப்சென்ரர் உதவியில் வாழ்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் வீட்டுக்குள்ளேயே மின்சாரத்தில் சூடாகுமானால், அதற்கென மேலதிக தொகை பெறச் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் கடிதத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். மின்சாரக் கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மறக்கவும் வேண்டாம். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால், தவணை கேட்டு உடனே எழுதுங்கள். கட்டாமல் விட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கவும் கூடும்.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது, ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு இரவைக் கழித்தவர்கள் நாம். துளி துளியாக அளந்து எரிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே எரிவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இன்றிரவே ஒரு கொப்பியோடு மீற்றரடிக்குப் போங்கள். வீட்டில் யாரையும் குறை சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.